மடிப்பாக்கம் மொட்டை மாடியிலிருந்து 8 மேக்னிட்யூட் வால்நட்சத்திரம் தெரியுமா? தெரிந்தால் அதை எப்படி வரைவது?

கேள்வி கேட்டவரிடம் ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது, மடிப்பாக்கத்தில் மொட்டை மாடி இருக்கிறது. செயலியில் 8 மேக்னிட்யூட் (வெளிச்சத்தின் அளவு, எண் கூடக்கூட மங்கல்) என்று போட்டிருந்த ஒரு வால்நட்சத்திரத்தை மூன்று இரவு தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. ‘10 மேக்னிட்யூட் நட்சத்திரமே தெரிகிற டெலஸ்கோப்பில் 8 ஏன் தெரியவில்லை? அப்படியே தெரிந்தாலும், ஆளாளுக்குப் பச்சைப் பசேலென்று போட்டோ எடுத்துப் போடும் காலத்தில் அதைப் பென்சிலால் வரைந்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னால் முதல் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் கட்சி. நங்கநல்லூரில் மூன்றாவது மாடிக்கு மேலே, தண்ணீர் டேங்குக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் நடுவில், பதினைந்து வருஷமாக இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். முதல் நான்கைந்து வருஷத்தில் ‘பார்த்தாச்சு’ என்று நோட்டில் டிக் அடித்த வால்நட்சத்திரங்களில் பாதியை உண்மையிலேயே பார்த்தேனா என்று சத்தியம் செய்யச் சொன்னால் இன்று தயங்குவேன். பென்சில் எடுத்த பிறகு பார்த்தவற்றில் அந்தச் சந்தேகம் கிடையாது. ஒரு மங்கல் திட்டு எந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் இருக்கிறது, எந்தப் பக்கம் சட்டென்று முடிகிறது, எந்தப் பக்கம் கரைந்து போகிறது என்று தாளில் வைத்தே ஆகவேண்டும் என்னும்போதுதான் கண் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. படம் அழகாக வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு ஒரு மாட்டை மாடு மாதிரி வரையத் தெரியாது.

சரி, முதலில் அந்த 8. வால்நட்சத்திரத்துக்குப் போடுகிற மேக்னிட்யூட் மொத்த வெளிச்சத்தின் கணக்கு. நட்சத்திரம் அந்த வெளிச்சம் முழுவதையும் ஒரு புள்ளியில் தருகிறது, வால்நட்சத்திரம் அதையே ஒரு வட்டம் முழுக்கப் பரப்புகிறது. ஒரு கரண்டி மாவைப் பணியாரக் குழியில் ஊற்றினால் ஒரு கனம், அதே கரண்டி மாவைப் பேப்பர் ரோஸ்ட்டாக இழுத்தால் இன்னொரு கனம், அவ்வளவுதான் விஷயம். கணக்காகவே பார்ப்போம். 8 மேக்னிட்யூட் வெளிச்சம் 10 ஆர்க் நிமிடக் குறுக்களவுள்ள வட்டத்தில், அதாவது முழுநிலாவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கில், சமமாகப் பரவியிருந்தால் ஒரு சதுர ஆர்க் விநாடிக்கு (ஆர்க் நிமிடத்தில் அறுபதில் ஒன்று ஆர்க் விநாடி) 21.6 மேக்னிட்யூட் வரும். சென்னை போன்ற நகரத்தின் வானமே சதுர ஆர்க் விநாடிக்கு 18-ஐ ஒட்டி இருக்கும். வித்தியாசம் 3.6. அப்படியென்றால் வானம் அந்த வால்நட்சத்திரத்தைவிட ஏறக்குறைய 27 மடங்கு வெளிச்சம். அதே 8 மேக்னிட்யூட் 3 ஆர்க் நிமிடத்துக்குள் அடங்கியிருந்தால் கணக்கு 19-க்கு வந்துவிடும், வானம் இரண்டரை மடங்குதான் அதிகம். முதலாவது உங்கள் மாடியிலிருந்து சாத்தியமில்லை. இரண்டாவது கட்டாயம் தெரியும். செயலி இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

2018 டிசம்பரில் 46பி/வர்ட்டனன் வந்தபோது பலருக்கு இந்த ஏமாற்றம் நேர்ந்தது. டிசம்பர் 16-ஆம் தேதி அது பூமியிலிருந்து ஒரு கோடியே பதினாறு லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. வால்நட்சத்திரங்களுக்கு அது அடுத்த தெரு. மொத்த வெளிச்சம் 4-ஐ ஒட்டி, இருந்த இடமும் கார்த்திகைக் கூட்டத்துக்குப் பக்கத்தில், தேடவே வேண்டாம். வெறும் கண்ணுக்கே தெரியும் என்று செய்திகளில் சொன்னார்கள். ஆனால் நெருங்கி வந்ததாலேயே அது நிலாவைவிட அகலமாகப் பரவிக்கிடந்தது. எங்கள் மாடியிலிருந்து வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. பைனாகுலரில் ‘ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது’ என்ற அளவில்தான். பக்கத்து வீட்டுப் பையன்களை அழைத்துவந்து காட்டிய எனக்கு மானம் போயிற்று.

அதனால் மேக்னிட்யூடைப் பார்த்த கையோடு அடுத்த எண்ணையும் பாருங்கள். வால்நட்சத்திரக்காரர்கள் அதை டி.சி. என்பார்கள், தலையின் ஒளி நடுவில் எவ்வளவு திரண்டிருக்கிறது என்பதற்கான 0 முதல் 9 வரையிலான அளவு. 0 என்றால் நடு, ஓரம் என்ற வித்தியாசமே இல்லாத தட்டையான மங்கல். 9 என்றால் கிட்டத்தட்ட நட்சத்திரம் மாதிரி. கோப்ஸ் என்று ஸ்லோவேனியாவிலிருந்து நடத்துகிற பதிவேடு ஒன்று இருக்கிறது. அங்கே பல நாட்டுப் பார்வையாளர்கள் தாங்கள் கண்ட மேக்னிட்யூட், தலையின் அகலம், டி.சி. மூன்றையும் பதிவு செய்கிறார்கள். செயலி தருவது சூத்திரம் போட்ட முன்கணிப்பு, இங்கே இருப்பது நேற்று ஒருவர் கண்ணால் பார்த்தது. சென்னைக்கு என் சொந்தக் கணக்கு: ஆறு அங்குலத்தில், டி.சி. 4-க்குக் கீழே இருந்தால் 7 மேக்னிட்யூடுக்கு மேல் மங்கியதைத் தேடி நேரத்தை வீணாக்குவதில்லை. 6 அல்லது 7 என்றால் 9 வரைக்கும் போவேன். இன்னொன்று, ஸ்டெல்லேரியம் போன்ற மென்பொருளில் சுற்றுப்பாதை விவரங்களை, அவற்றைத் திரட்டி வெளியிடும் மைனர் பிளானட் சென்டரிலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதப் பழைய விவரத்தை வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்?

சென்னை வானத்தைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் முடியாது, ஆனால் புலம்பலுக்கு நடுவிலும் சில நல்ல செய்திகள் உண்டு. வால்நட்சத்திரத்துக்கு வேண்டியது தெளிவு, நிதானம் அல்ல. காற்று துடித்தால் வியாழனின் பட்டைகள் கலங்கும், மங்கல் திட்டுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆகவே பகல் வெயிலைக் குடித்த தளம் பத்து மணி வரை சூட்டைக் கக்கினாலும் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது தூசிக்கும் புகைக்கும் ஈரத்துக்கும்தான். ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம், அதிலும் போகி கழிந்து இரண்டு மூன்று நாளாவது ஆகவேண்டும். கோடை மழை ஒன்று கொட்டி ஓய்ந்த இரவு பொக்கிஷம், கழுவி விட்ட மாதிரி இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகத்துக்கு நடுவில் கிடைக்கிற ஓட்டைகளை நம்பி வாழவேண்டும். 2025-இல் லெம்மன் வால்நட்சத்திரம் அக்டோபர் 21-ஆம் தேதி பூமிக்கு மிக அருகில் வந்தது. தீபாவளி அதற்கு முதல் நாள். மழை மேகமும் பட்டாசுப் புகையும் சேர்ந்து கவனித்துக்கொண்டன. 2016-இல் வர்தா புயல் கரண்டைப் பிடுங்கி ஊரையே இருட்டாக்கியபோது, ஆகா என்று மேலே பார்த்தால், புயல் அடித்ததே கார்த்திகை தீபத்தன்று. நிலா ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. நம் ஊர் வானம் இப்படித்தான் கொடுத்துக் கெடுக்கும்.

பூமியில் நாம் இருக்கிற இடமும் ஒரு லாபம். வடக்கு அகலாங்கு 13 பாகை என்பதால் தெற்கு வானத்தில் நிறையக் கிடைக்கிறது, ஐரோப்பாக்காரர்கள் அடிவானத்துக்குக் கீழே தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வால்நட்சத்திரங்கள் நமக்கு உயரத்தில் இருக்கும். துருவத்துக்குப் பக்கத்தில் போகிறவை மட்டும் நமக்கு வடக்குப் பக்கத்துப் புகையில் மாட்டிக்கொள்ளும். விடிகாலை வால்நட்சத்திரம் என்றால் பெசன்ட் நகர், நீலாங்கரை பக்கம் இருப்பவர்களுக்கு யோகம். கிழக்கே கடல், அதற்கு மேல் தெருவிளக்கு இல்லை. ஆனால் கடலோர ஈரத்தில் ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை) பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும், சட்டைப் பையில் வைத்து உடம்புச் சூட்டில் காயவைத்துக்கொள்ளுங்கள். வசதி இருந்தால் ஜவ்வாது மலை, ஏலகிரி என்று ஓர் இரவு போய்வாருங்கள். காவலூர் வானியல் ஆய்வகத்துக்கு ஏன் ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அங்கே தலையை நிமிர்த்திய உடனே புரியும். அந்த ஆய்வகம் இன்று யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த வானியலாளர் வைணு பாப்பு சென்னையில் பிறந்தவர், 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர்.

மாடியில் செய்யவேண்டியது இரண்டு. டேங்கின் நிழலில் உட்காருங்கள், எதிர்வீட்டு எல்இடி நேராகக் கண்ணில் படக்கூடாது. ஒரு கறுப்புப் போர்வையைத் தலையோடு ஐபீஸையும் சேர்த்து மூடிக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம், பழைய கல்யாண போட்டோகிராபர் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அந்தப் போர்வைக்குள் இருபது நிமிடம் இருந்தால் கண் இருட்டுக்குப் பழகும். எட்டு அங்குலம் வாங்குவதைவிட இது மலிவு. கொசுவத்தியைத் தொலைநோக்கியின் வாய்ப்பக்கம் வைக்காதீர்கள். ஒரு தடவை அரைமணி நேரம் நான் ஆராய்ச்சி செய்த ‘நகரும் மங்கல்’ அதுதான்.

தேடும்போது 25 மி.மீ. ஐபீஸில் ஆரம்பியுங்கள். 1200 மி.மீ. குவியத்தூரம் உள்ள ஆறு அங்குலத்தில் அது 48 மடங்கு, காட்சிவட்டம் ஏறக்குறைய ஒரு பாகை. வரைபடத்தில் உள்ள நட்சத்திரக் கோலம் ஐபீஸில் தெரிவதோடு பொருந்தி, ‘இந்த முக்கோணத்துக்குள்தான் இருக்க வேண்டும்’ என்று நூறு சதவீதம் உறுதியாகும் வரை வால்நட்சத்திரத்தைத் தேடவே தேடாதீர்கள். உங்கள் மூன்று இரவுகளில் குறைந்தது ஒன்று இதில்தான் போயிருக்கும் என்பது என் ஊகம். இடம் உறுதியான பிறகு 15 மி.மீ. ஐபீஸைப் போடுங்கள், 80 மடங்கு. பின்புல வானமும் மங்கும், வால்நட்சத்திரமும் அதே அளவு மங்கும், ஆனால் திட்டு பெரிதாகும். மங்கலான பொருள் சின்னதாக இருப்பதைவிடப் பெரிதாக இருந்தால் கண் எளிதாகப் பிடிக்கும். மங்கலுக்குக் குறைந்த உருப்பெருக்கம்தான் என்று யாராவது சொன்னால், அவர் நகரத்திலிருந்து பார்ப்பவர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கடைக்கண். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், பார்வையைச் சற்று விலக்கினால் வந்துவிடும். மங்கல் ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. எந்தப் பக்கம் விலக்குவது என்பதிலும் கணக்கு உண்டு, திட்டு உங்கள் மூக்குப் பக்கமாக விழும்படி விலக்க வேண்டும். வலக்கண்ணால் பார்த்தால் திட்டுக்கு வலது பக்கமாகப் பாருங்கள். மாறிப் பார்த்தால் கண்ணின் குருட்டுப் புள்ளியில் போய் விழுந்துவிடலாம். அப்புறம் குழாயை ஒரு விரலால் மெதுவாகத் தட்டுங்கள். காட்சி லேசாக ஆடும்போது, ஆடாமல் இருந்தபோது தெரியாத திட்டு ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்னும். அசைவைப் பிடிப்பதில் கண் கெட்டிக்காரன். பச்சை நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். அது ஈரணுக் கார்பன் வாயுவின் ஒளி, கேமராவுக்குத் தெரியும். இந்த மங்கலில் நம் கண்ணுக்கு நிறம் கிடையாது, சாம்பல்தான். அந்த வாயுவின் ஒளியை மட்டும் விடும் ஸ்வான் பில்டர் என்று ஒன்று இருக்கிறது, வாயு அதிகமுள்ள வால்நட்சத்திரங்களுக்கு உதவும், தூசி அதிகமுள்ளவற்றுக்கு உதவாது. முதல் வருஷத்தில் அதற்குக் காசு போடாதீர்கள்.

இனி வரைவது. பரீட்சை அட்டை, கொஞ்சம் தடித்த தாள், எச்.பி. பென்சில் ஒன்று, 2பி ஒன்று, காது குடையும் பட்ஸ் நாலு. ஓவியக் கடையில் காகிதத்தைச் சுருட்டிச் செய்த ஸ்டம்ப் கிடைக்கும், அது இன்னும் நல்லது. டபராவைக் கவிழ்த்துப் பகலிலேயே நாலைந்து வட்டம் போட்டு வையுங்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு, எழுத்து தெரிகிற அளவு போதும். போனின் சிவப்புத் திரையை நான் நம்புவதில்லை, கறுப்பு என்று அது சொல்லும் இடமே பளிச்சென்று இருக்கிறது. முக்கியமாக, கைக்குக் கீழே ஒரு பழைய அழைப்பிதழ் அட்டை. சென்னையில் முழங்கை வியர்வையில் அழிந்த படங்கள் எத்தனையோ.

வெள்ளைத் தாளில் கறுப்பாக வரையுங்கள். இருட்டான வானத்தைக் கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால் வரைவதுதான் நியாயம் என்று தோன்றும், ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் அதைக் கட்டுப்படுத்த முடியாது. ஸ்கேன் செய்து நிறத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

முதலில் நட்சத்திரங்கள். வட்டத்திலேயே பெரிய நட்சத்திரத்தை வைத்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மற்றவற்றைக் கட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு போதும், எல்லாவற்றையும் போட்டே தீருவேன் என்று உட்காராதீர்கள். புள்ளியின் பருமன்தான் வெளிச்சம். அடுத்து திசை. உங்கள் டாப்சோனியனில் மோட்டார் இல்லாதது இங்கே வரம். குழாயைத் தொடாமல் விட்டால் நட்சத்திரங்கள் வட்டத்தின் எந்த விளிம்பில் வெளியேறுகின்றனவோ அதுதான் மேற்கு, அங்கே ஒரு அம்புக்குறி. ஒரு நட்சத்திரம் நடுக்கோட்டில் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குப் போக எத்தனை நேரம் என்று பார்த்தால் வட்டத்தின் அளவும் கிடைத்துவிடும். வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம்.

அதற்குப் பிறகுதான் வால்நட்சத்திரம். தாளின் ஓரத்தில் 2பி-யைக் கொஞ்சம் தேய்த்து, அந்தக் கரியில் ஸ்டம்பைத் தொட்டு, அதன் பெரும்பகுதியை வேறொரு தாளில் துடைத்துவிட்டு, மிச்சமிருப்பதால் வட்டவட்டமாகத் தடவுங்கள். முதல் தடவலில் தாளில் எதுவும் விழாத மாதிரி இருக்க வேண்டும். விளிம்பு என்று ஒன்று தெரிந்தால் அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம், அழிரப்பரால் ஒற்றி எடுங்கள். பிறகு நடுவுக்குப் போகப்போக இன்னும் ஒரு தொடல். நடுவில் நட்சத்திரம் போன்ற முனை ஒன்று கடைக்கண்ணில் மினுக்கி மறைந்தால் எச்.பி.யால் சிறு புள்ளி. அகலத்தை எப்படி அளப்பது? பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்களைப் பிடியுங்கள், ‘அந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தில் பாதி’ என்று ஓரத்தில் எழுதுங்கள். நிமிடக் கணக்கு மறுநாள் வரைபடத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

என் நோட்டிலிருந்து ஒன்று. 2023 பிப்ரவரி 14, இசட்டிஎஃப் வால்நட்சத்திரம். பிப்ரவரி 1-ஆம் தேதி பூமியை நெருங்கிவிட்டு, மங்கிக்கொண்டு தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அன்று ரோகிணி நட்சத்திரத்துக்குக் கிழக்கே ஒன்றரைப் பாகை போலத் தள்ளி இருந்தது, மேக்னிட்யூட் 7-ஐ ஒட்டி. நிலா நள்ளிரவுக்குப் பிறகுதான். எல்லாம் சரி, ஆனால் ஏழரை மணிக்கு ரோகிணி நமக்கு நேர் உச்சி. உச்சியில் டாப்சோனியனைத் திருப்புவது, முரண்டு பிடிக்கும் மாட்டை இழுப்பது மாதிரி, எங்கே தள்ளினாலும் வேறெங்கோ போகும். எட்டு மணிவரை காத்திருந்தேன். 48 மடங்கில், இடம் தெரிந்தும், முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. குழாயைத் தட்டினேன், வந்துவிட்டது, வட்டமான மூச்சுக்காற்று மாதிரி. குறிப்பில் அன்று எழுதியிருப்பது: ‘8:05. இரண்டு நட்சத்திரங்களைச் சேர்க்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே. 8:20. நடு கொஞ்சம் திரண்டிருக்கிறது, டி.சி. 3 அல்லது 4. தெற்கு விளிம்பு வடக்கைவிடக் கூர்மையா? உறுதியில்லை. 8:40. விமானம், மீனம்பாக்கம் இறக்கம், கண் போச்சு. 9:10. கோட்டிலிருந்து இன்னும் விலகியிருக்கிறது. நகர்ந்துவிட்டது.’ அந்தக் கடைசி வரிக்காகத்தான் வரைகிறேன். அன்று அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு பாகை போய்க்கொண்டிருந்தது, ஒரு மணி நேரத்துக்கு ஐந்து ஆர்க் நிமிடம். படம் போடாமல் வெறுமனே பார்த்திருந்தால் 9:10-க்கும் அதே மங்கல் என்றுதான் சொல்லியிருப்பேன். தாளில் முதல் திட்டு இருந்ததால் இரண்டாவது திட்டு வேறு இடத்தில் விழுந்தது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ‘உறுதியில்லை’ என்று எழுதுவதற்கும் கூச்சப்பட வேண்டாம், படத்தில் அந்தக் கூர்மையை நான் போடவில்லை.

போடக்கூடாததைப் போட்ட கதையும் உண்டு. 2024 மார்ச் கடைசியில் 12பி/பான்ஸ்–புரூக்ஸ் மாலை மேற்கு வானத்தில், மேஷத்தில், தாழ்வாக இருந்தது. மாடி ஏறுமுன் அன்று வந்த போட்டோ ஒன்றைப் பார்த்துத் தொலைத்தேன், வால் நிமிர்ந்து மேலே போகிறது. ஐபீஸில் பார்த்தேன், தலையிலிருந்து மேலே மெல்லிய இழை ஒன்று போவது தெரிந்தது, வரைந்தேன், ரொம்பத் திருப்தி. மறுநாள் திசை குறிக்கும்போதுதான் உறைத்தது. நியூட்டோனியன் வகைத் தொலைநோக்கியில் காட்சி தலைகீழ். நான் தாளில் மேலே வரைந்த வால் வானத்தில் கீழே, அதாவது மறைந்த சூரியனை நோக்கிப் போகிறது. வாயு வால் சூரியனுக்கு எதிர்ப்புறம்தான் நீளும். நான் பார்த்தது வால் இல்லை, காலையில் பார்த்த போட்டோவை. அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து வரையும் நாளில் போட்டோ பார்ப்பதில்லை, வால் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்ற கணக்கையும் படம் முடிந்த பிறகுதான் பார்க்கிறேன். நகரத்திலிருந்து மங்கலான வால்நட்சத்திரத்தில் வால் தெரியாமலிருப்பதுதான் சாதாரணம். பழந்தமிழில் இதைப் புகைக்கொடி என்றார்கள், நம் ஐபீஸில் கொடி கிடையாது, புகை மட்டும்தான்.

மேக்னிட்யூட் மதிப்பிடவும் பழகிக்கொள்ளுங்கள், படத்தோடு அந்த எண்ணும் சேர்ந்தால்தான் பதிவேட்டுக்கு உதவும். பரவலான தலைக்கு சிட்ஜ்விக் முறை: குவியத்தில் இருக்கும் வால்நட்சத்திரத்தின் சராசரி வெளிச்சத்தை மனதில் பிடித்துக்கொண்டு, மேக்னிட்யூட் தெரிந்த ஒரு நட்சத்திரத்துக்குப் போய், அது வால்நட்சத்திரத்தின் அகலத்துக்கு ஊதிப் பெரிதாகும்வரை குவியத்தைக் கலையுங்கள். எது வெளிச்சம்? சற்றே கூடிய ஒன்று, சற்றே குறைந்த ஒன்று என இரண்டு நட்சத்திரம் கிடைத்தால் நடுவில் எங்கே என்று சொல்லிவிடலாம். நன்கு திரண்ட தலைக்கு போப்ரோவ்னிகாஃப் முறை, வால்நட்சத்திரத்தையும் சேர்த்துக் குவியம் கலைத்து இரண்டையும் ஒப்பிடுவது. ஒப்பிடும் நட்சத்திரம் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கட்டும், சென்னைப் புகை அடிவானத்தில் தின்னும் வெளிச்சம் கொஞ்சநஞ்சம் அல்ல. நேரத்தை உலக நேரத்தில் எழுதுங்கள், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து.

இந்த மேக்னிட்யூட் அளவுகோலை இன்றுள்ள வடிவத்தில், ஐந்து படிக்கு நூறு மடங்கு என்று, 1856-இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். அவர்தான் 1861 முதல் 1891-இல் சாகும்வரை நுங்கம்பாக்கத்திலிருந்த மெட்ராஸ் ஆய்வகத்தின் தலைமை வானியலாளர். 1872 நவம்பர் 27 இரவு எரிகற்கள் மழையாகக் கொட்டின, உடைந்து காணாமல்போன பியேலா வால்நட்சத்திரத்தின் தூசி அது. மூன்று நாள் கழித்து ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர் போக்சனுக்குத் தந்தி அடித்தார்: பியேலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டது, சென்டாரஸ் விண்மீன் குழுவின் தீட்டா நட்சத்திரத்தருகே தேடுங்கள். அந்தத் தெற்கு மூலை ஐரோப்பாவுக்கு எட்டாது, நமக்கு எட்டும். சென்னையில் டிசம்பர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மேகம் விலகிய இடைவெளியில் டிசம்பர் 3 விடிகாலையில் ஒரு வால்நட்சத்திரம் கிடைத்தது. மறுநாள் விடிகாலையும் பார்த்தார். அதற்குப் பிறகு மேகம், மழை. சுற்றுப்பாதை போடக் குறைந்தது மூன்று இடங்கள் தெரியவேண்டும், கையில் இருந்ததோ இரண்டு. அது பியேலா இல்லை என்று பின்னால் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வேறு எது என்று யாருக்கும் தெரியாது, அதை மறுபடி யாரும் பார்க்கவில்லை. பாதை தெரியாதவற்றுக்கான ‘எக்ஸ்’ எழுத்தோடு இன்றும் பட்டியலில் இருக்கிறது. நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் அந்தப் பழைய ஆய்வகத்தின் கருங்கல் தூண் தமிழ் எழுத்துப் பொறிப்போடு இன்னும் நிற்கிறது. எனக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த மூன்றாவது விடிகாலை ஞாபகம் வரும்.

உங்கள் மூன்று இரவுக்கு வருவோம். எதுவும் எழுதி வைக்காமல் கீழே இறங்கியிருந்தால் அவை போனது போனதுதான். இனிமேல் தெரியாத இரவையும் வரையுங்கள். அதே வட்டம், அதே நட்சத்திரங்கள், நடுவில் காலியிடம், கீழே தேதி, நேரம், அந்தக் காட்சியில் உங்களுக்குத் தெரிந்த மிக மங்கலான நட்சத்திரத்தின் மேக்னிட்யூட். ‘இந்த அளவுக்கு மேல் வெளிச்சமாக இல்லை’ என்பதும் ஒரு பதிவு. எதிர்பார்த்ததைவிட வால்நட்சத்திரம் மங்கிவிட்ட சமயத்தில் அப்படிப்பட்ட காலி வட்டங்கள் உதவும்.

அடுத்த அமாவாசை வரை கை சும்மா இருக்க வேண்டாம். எம்78 என்று மிருகசீரிட மண்டலத்தில், ஓரியன் இடுப்புப் பட்டைக்கு வடகிழக்கே ஒரு திட்டு இருக்கிறது. மேக்னிட்யூட் 8-ஐ ஒட்டி, அகலம் எட்டு ஆர்க் நிமிடம் போல, உள்ளே இரண்டு மங்கல் நட்சத்திரங்கள், வெளிச்சம் அவற்றைச் சுற்றித் திரண்டிருப்பதால்தான் நகரத்திலும் பிடிக்கலாம். மங்கலான வால்நட்சத்திரத்துக்கு அதைவிட நல்ல ஒத்திகை வானத்தில் கிடையாது, நகர்ந்து தொலையாது என்ற வசதியும் உண்டு. கோடையில் என்றால் கேட்டைக்குப் பக்கத்தில் எம்4. மடிப்பாக்கத்திலிருந்து எம்78-ஐப் போர்வைக்குள் உட்கார்ந்து வரைந்துவிட்டீர்கள் என்றால், செயலி 8 என்று சொல்லும் அடுத்த வால்நட்சத்திரத்துக்கு டி.சி. எவ்வளவு என்று பார்த்துவிட்டு மாடி ஏறுங்கள்.